பைன்வுட் டெர்பி காரில் ஆக்சில் வளைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவில் கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பைன்வுட் டெர்பி என்ற சின்ன மரக்கார் போட்டிக்காக மரத்தூள் பறக்க ஆரம்பித்துவிடும். இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் கட்டையை அறுப்பது, பெயின்ட் அடிப்பது வரைக்கும் தடுமாறுவதில்லை. "வேகமாக ஓடும் கார்களில் ஆக்சிலை வளைத்திருக்கிறார்களாமே" என்ற பேச்சு காதில் விழுந்த பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. கார் செய்யும் பட்டறை நாளிலும் அதற்குப் பிறகும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் காரில் ஆக்சில் என்பது, கார் செய்ய வாங்கும் பெட்டியோடு வரும் ஆணிதான். ஆக்சில், ஆணி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். "பட்டை" என்று வருவதெல்லாம் டிராக்கின் ஒவ்வொரு தடத்திலும் நடுவில் ஓடும், கால் அங்குல உயர வழிகாட்டிப் பட்டை. காரின் இடது சக்கரங்கள் அதற்கு இந்தப் பக்கம், வலது சக்கரங்கள் அந்தப் பக்கம்.

பைன்வுட் டெர்பின்னா என்ன? என் பையன் இப்பத்தான் சேர்ந்திருக்கான், எனக்கு ஒண்ணுமே தெரியாது.

ஒரு பைன் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி. இவற்றை வைத்துப் பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து ஒரு கார் செய்து, சரிவான டிராக்கின் உச்சியிலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது, கையால் தள்ளவும் கூடாது. கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டும். வழக்கமான விதிப்படி காரின் எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது (சுமார் 142 கிராம்), நீளம் 7 அங்குலம், அகலம் 2¾ அங்குலம்.

1953 மே 15 அன்று கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் கப் ஸ்கவுட் பேக் 280சி நடத்தியதுதான் முதல் போட்டி (பேக் என்பது உள்ளூர் கப் ஸ்கவுட் குழு). டான் மர்ஃபி என்ற கப் மாஸ்டர் (பேக்கை நடத்தும் தலைவர்) யோசித்து உருவாக்கினார். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் மோட்டாரில்லாத கார்ப் பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் ஓட்ட அவருடைய மகனுக்கு வயது வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளும் அப்பாவோடு சேர்ந்து செய்ய ஒரு போட்டி வேண்டும் என்று தொடங்கியது நாடு முழுக்கப் பரவிவிட்டது. பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கப் ஸ்கவுட்டில் 2018 முதல் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டை, சக்கரம், ஆணி என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஆணி நேரா இருந்தாத்தானே சக்கரம் நல்லா சுத்தும்? வளைச்சா ஆட்டம் கொடுக்காதா?

நிஜக் காரில் எஞ்சின் சுற்றும் ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அது வளைந்திருந்தால் சக்கரம் ஆடத்தான் செய்யும். இந்தக் காரில் ஆணி கட்டைக்குள் இறுகி அசையாமல் நிற்கிறது, சக்கரம் மட்டுமே அதன்மேல் சுற்றுகிறது. அசையாத ஆணி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ, சக்கரமும் அந்தப் பக்கம் சாய்ந்தபடி ஒரே சீராகச் சுற்றும். சக்கரம் ஆடினால் அதன் துளையோ விளிம்போ சரியில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சக்கரம் உட்காரும் பகுதியில் ஆணி நேராகவே இருக்க வேண்டும். வளைவு அந்தப் பகுதியைத் தாண்டி, கட்டைக்குள் நுழையும் இடத்தை ஒட்டி விழ வேண்டும். வளைவு சக்கரத் துளைக்குள் மாட்டிக்கொண்டால் சக்கரம் பிடித்துப் பிடித்துத்தான் ஓடும்.

சரி, ஆடாதுன்னே வெச்சுக்குவோம். வளைச்சு என்ன லாபம்?

நேரான ஆணி போட்ட காரை டிராக்கில் கவனித்துப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும். இடது சக்கரம் பட்டையில் முட்டும், கார் வலப்பக்கம் துள்ளும், அங்கே வலது சக்கரம் முட்டும். சக்கரமும் ஆணித் தலைக்கும் கட்டைக்கும் நடுவே அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் வேகம் போகிறது. டைமர் ஆயிரத்தில் ஒரு வினாடி வரை அளந்து காட்டும் போட்டியில் அந்தக் கொஞ்சம்தான் பரிசை முடிவு செய்கிறது.

வளைத்த ஆணி இரண்டு வேலை செய்யும். பின்சக்கரங்களை ஆணித் தலைப் பக்கம் நிறுத்தி, கட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளும். முன்சக்கரம் ஒன்றைப் பட்டையின் மேல் மெல்லச் சாய்த்து, கடைசி வரை அங்கேயே வைத்திருக்கும். சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் நாமே முடிவு செய்கிறோம். வளைப்பதன் பயன் அவ்வளவுதான். அதனால்தான் எவ்வளவு வளைத்தோம் என்பதைவிட எந்தத் திசையில் திருப்பி வைத்தோம் என்பதில் நான் அதிகம் பிடிவாதமாக இருக்கிறேன்.

பட்டையில உரசினா வேகம் குறையுமே? வேணும்னே உரச விடறது எப்படி நல்லதாகும்?

உரசினால் குறையும், உண்மைதான். ஆனால் ஒரே சக்கரம் லேசாகத் தொட்டுக்கொண்டே போவதில் ஆகும் இழப்பு, நான்கு சக்கரமும் மாறி மாறி முட்டுவதில் ஆகும் இழப்பைவிடக் குறைவு. முன்சக்கரம் ஒன்று பட்டையை ஒட்டி ஓடும்போது கார் குறுக்கே அலைவதில்லை, கடக்கும் தூரமும் குறைகிறது.

தொடும் இடமும் முக்கியம். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது; மேலே போகப் போக வேகம் கூடுகிறது. ஆகவே பட்டையைத் தரைக்கு நெருக்கமாகத் தொட்டால் உரசல் குறைவு, உயரத்தில் தொட்டால் அதிகம். முன்சக்கரத்தின் அடிப்பாகம் பட்டைப் பக்கம் வருமாறு சாய்ப்பது இதற்காகத்தான்.

எத்தனை ஆணியை வளைக்கணும்? எல்லாமே ஒரே மாதிரியா?

மூன்று. பின்னால் இரண்டும் ஒரே மாதிரி, முன்னால் ஒன்று அதற்கு நேர்மாறு. நான்காவது ஆணியின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும் என்பதால் அதை வளைக்க வேண்டியதில்லை. (தூக்குவது ஏன் என்பது பின்னால் வருகிறது.)

பின்னால்: ஆணியின் தலை மேல்நோக்கிச் சாய வேண்டும். அப்படி வைத்தால் சக்கரத்தின் மேல்பக்கம் கட்டையை நோக்கிச் சாயும், அடிப்பக்கம் வெளியே விரியும். காரின் எடை ஆணியைக் கீழே அழுத்த, சக்கரம் சரிவில் ஏறித் தலைக்கு ஒட்டிக்கொள்ளும். பாலிஷ் செய்த இரும்புத் தலையில் உரசுவது மரத்தில் உரசுவதைவிட எவ்வளவோ மேல்.

முன்னால்: தலை கீழ்நோக்கி. சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே வரும். இந்தச் சக்கரத்தைத் தரை ஒரு பக்கமும் பட்டை இன்னொரு பக்கமும் தள்ளுவதால், அது தலையையும் தொடும், கட்டையையும் தொடும். அதனால் அந்த இடத்தில் கட்டையை நன்றாக இழைத்து, கிராஃபைட் தூளை (எண்ணெய்க்குப் பதில் போடும் வழவழப்பான கறுப்புத் தூள்) தேய்த்துக் கறுப்பாகப் பளபளக்க விடுங்கள்.

எங்க பேக்ல இதுக்கு அனுமதி உண்டான்னு யாரைக் கேக்கறது?

இந்தக் கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்க வேண்டும். வளைப்பதற்கு நாடு முழுக்க ஒரே விதி கிடையாது; அந்தந்த பேக் தன் விதியை எழுதிக்கொள்கிறது. சில இடங்களில் "ஆணியைப் பாலிஷ் செய்யலாம், வளைக்கக் கூடாது" என்று நேரடியாகப் போட்டிருப்பார்கள். சில இடங்களில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பார்கள். விதித்தாளை வாங்கிப் படியுங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் கப் மாஸ்டரிடமோ போட்டியை நடத்துபவரிடமோ மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பல பேக்குகள் சேரும் டிஸ்ட்ரிக்ட் போட்டிக்குப் போனால் விதி மாறலாம், மறுபடி கேளுங்கள்.

அனுமதி இல்லாத இடத்தில் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று வளைக்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தெரியும்.

எத்தனை டிகிரி? அதை வீட்ல எப்படிங்க அளக்கறது?

பின்னால் 2½ முதல் 3 டிகிரி, முன்னால் 1½ முதல் 2 டிகிரி. கோணமானியை வைத்து இதை அளக்க முடியாது, அவ்வளவு சின்ன ஆணி. தூரமாக மாற்றிக்கொண்டால் சுலபம். வளைவிலிருந்து தலைவரை 15 மி.மீ. என்று வையுங்கள். 3 டிகிரிக்குத் தலை 0.8 மி.மீ. விலகும், 1½ டிகிரிக்கு 0.4 மி.மீ.

பேங்க் கார்டின் கனம் 0.76 மி.மீ. ஒரு கண்ணாடித் துண்டின் விளிம்பில் ஆணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்து, கூர்முனைப் பக்கத்தைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடியுங்கள். தண்டு தலைக்குப் பக்கத்தில் கண்ணாடியிலிருந்து எழும்பி நிற்கும். அந்தச் சந்தில் கார்டு சரியாக நுழைந்தால் பின் ஆணி தயார். முன் ஆணிக்கு அதில் பாதி சந்து போதும், சாதாரணத் தாளை நான்காக மடித்தால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம்.

இரண்டு பின் ஆணிகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதுதான் முக்கியம். இரண்டுமே 2½ என்றால் பரவாயில்லை. ஒன்று 2, மற்றது 3½ என்றால் கார் உயரமே ஒரு பக்கம் மாறிப்போகும்.

வளைக்கறதுக்குத் தனிக் கருவி வாங்கணுமா?

திருகைத் திருகினால் ஆணி வளையும் மாதிரியான சின்னக் கருவி கிடைக்கிறது. பல கார் செய்யப்போகிறீர்கள், அல்லது பேக் முழுவதற்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் நல்லதுதான். ஒரு காருக்குப் பெஞ்ச் வைஸ் (பொருளை இரண்டு தாடைகளால் இறுக்கிப் பிடிக்கும் கருவி) போதும்.

ஆணியில் சக்கரத்தை மாட்டி, கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்கு அதே பேங்க் கார்டைச் செருகி, கார்டு முடியும் இடத்தில் மார்க்கரால் தண்டைச் சுற்றிக் கோடு போடுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். கூர்முனைப் பக்கத்தைக் கோடு வரைக்கும் வைஸில் இறுக்குங்கள். தாடைகளில் மெல்லிய அலுமினியத் தகடோ மரத்துண்டோ வையுங்கள், இல்லையென்றால் பல்தடம் விழும். ஒரு தட்டையான துளைக்குத்தியைத் தலையின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி வேண்டாம். தட்டுங்கள், கழற்றி அளந்து பாருங்கள், மறுபடி தட்டுங்கள். பாலிஷ் செய்த தண்டில் சுத்தியல் படவே கூடாது.

பாலிஷ் முதல்ல பண்ணணுமா, வளைச்சுட்டுப் பண்ணணுமா?

பாலிஷ்தான் முதலில். பாலிஷ் செய்ய ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்ற விடுவோம். வளைந்த ஆணி அதில் வட்டமடிக்கும், உப்புத்தாள் ஒரு பக்கமே தேய்க்கும்.

பெட்டி ஆணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்கு அடியில் சின்னச் சின்னப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், தண்டில் அச்சு அழுத்திய தழும்பு தெரியும். முதலில் டிரில்லில் மெதுவாகச் சுற்றவிட்டு, தலை வட்டமடிக்கிறதா என்று பாருங்கள், அடித்தால் நிமிர்த்திக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்து, தலையின் அடிப்பக்கத்தை லேசாகச் சரிவாக்குங்கள். அடுத்து 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்ட உப்புத்தாள், முடிந்தால் 2000, 3000 வரை. பின்சக்கரம் தலையோடு உரசியபடி ஓடப்போகிறது என்று முன்னால் சொன்னேன் அல்லவா? அதனால் தலையின் அடிப்பக்கத்துக்கும் தண்டுக்குக் கொடுக்கும் அதே கவனம் வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு வளையுங்கள்.

வளைச்ச ஆணியைக் கட்டைக்குள்ள விட்டப்புறம் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னே தெரியலையே!

தெரியாதுதான், 3 டிகிரி கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் வளைக்கும் போதே அடையாளம் வையுங்கள். வைஸில் இருக்கும்போது தலை எந்தத் திசையில் சாய்கிறதோ, தலையின் அந்த ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி. கடிகார முள் மாதிரி அந்தப் புள்ளியைப் படித்துக்கொள்ளலாம். பின் ஆணிகளுக்குப் புள்ளி 12 மணி, முன் ஆணிக்கு 6 மணி. அங்கிருந்துதான் நுணுக்கம் தொடங்கும்.

விதி அனுமதித்தால் தலையில் அரத்தால் ஒரு கோடு வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் திருப்பச் சுகமாக இருக்கும். வெட்டிய பிறகு பிசிறை மறுபடி எடுக்க வேண்டும். கோடு இல்லையென்றால் தலையின் விளிம்பைத் துணி சுற்றிய பிளையரால் பிடித்துத் திருப்பலாம்.

12 மணியிலதான் வெச்சேன். ஆனாலும் ஒரு பின்சக்கரம் உள்ளே போய்க் கட்டையில ஒட்டுது. ஏன்?

துளை துல்லியமாக இல்லாததால், புள்ளி 12-ல் இருந்தும் ஆணி கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ பார்க்கிறது. காரைச் சாய்வான பலகையில் முன்னோக்கி உருளவிடுங்கள், பிறகு திருப்பி வைத்துப் பின்னோக்கி உருளவிடுங்கள். இரண்டு ஓட்டத்திலும் இரண்டு பின்சக்கரமும் தலையை விட்டு விலகக் கூடாது.

முன்னோக்கி ஓடும்போது உள்ளே போனால், ஆணித் தலை காரின் முன்பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது. பின்பக்கமாகத் துளி திருப்புங்கள். பின்னோக்கி ஓடும்போது மட்டும் உள்ளே போனால் அதற்கு நேர்மாறு. "முன்னால் ஓடும்போது சரியாக இருக்கிறதே, அது போதாதா" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். போதாது. அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் தேய்ந்தபடிதான் தலையில் நிற்கிறது. வேலையில் பாதி நேரம் பின் ஆணிகளுக்கே போகட்டும். அவை சரியாகும் வரை முன் ஆணியைத் தொடாதீர்கள். காரின் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பது பின்சக்கரங்கள்தான்.

முன்சக்கரம் எந்தப் பக்கம் காரைத் திருப்பணும்? இடது சக்கரம் பட்டையைத் தொடணும்னா கார் இடப்பக்கம்தானே போகணும்?

அநேகமாக எல்லோரும் தவறும் இடம் இது. பட்டை எங்கே இருக்கிறது என்று மனதில் வரைந்து பாருங்கள். காரின் நடுவில், அடியில் இருக்கிறது. இடது சக்கரத்துக்குப் பட்டை வலப்பக்கம். ஆகவே இடது முன்சக்கரம் பட்டையைத் தொட வேண்டுமானால் கார் வலப்பக்கம் இழுக்க வேண்டும், அதாவது தூக்கி நிற்கும் சக்கரத்தின் பக்கம். வலது முன்சக்கரம் பட்டையைத் தொடும் காரென்றால் இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

இதற்கு முன் ஆணியின் புள்ளியை 6 மணியிலிருந்து காரின் மூக்குப் பக்கமாகத் திருப்ப வேண்டும். இடது பக்கம் நின்று பார்த்தால் 7 மணியை நோக்கி, வலது பக்கம் நின்று பார்த்தால் 5 மணியை நோக்கி. எந்தப் பக்கத்துச் சக்கரமானாலும் "தலை மூக்கைப் பார்க்க" என்று நினைவில் வைத்தால் போதும். எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் வித்தியாசம் இல்லை. நான்கில் ஆட்டமே இல்லாத சக்கரம் எதுவோ, அதை ஓட்டும் சக்கரமாக, அதாவது பட்டையைத் தொட்டு ஓடும் முன்சக்கரமாக வையுங்கள்.

எவ்வளவு இழுக்கணும்? அளவு சொல்லுங்க.

4 அடி ஓடினால் 2 முதல் 4 அங்குலம். மூட்டுகள் முரடாக இருக்கும் டிராக் என்றால் 4 பக்கம் போங்கள், வழவழப்பானது என்றால் குறைக்கலாம்.

வளையாத நீளப் பலகை ஒன்றில் நடுக்கோடு போட்டு, ஒரு முனையை லேசாக உயர்த்துங்கள். குறுக்கே சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். காரைக் கோட்டின்மேல் நேராக வைத்து, தள்ளாமல் விடுங்கள். 4 அடியில் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து பாருங்கள். பிறகு பலகையை முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லையென்றால் தப்பு பலகையில், காரில் இல்லை. அளக்கும்போது கார் முழு எடையோடு, கிராஃபைட் போட்டபடி இருக்க வேண்டும். எடை சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவு எடை சேர்த்த பின் நிற்காது.

முன் ஆணியையும் 3 டிகிரி வளைச்சா என்ன? இன்னும் நல்லா பிடிக்காதா?

பிடிக்கும், ஆனால் உங்களால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. கணக்கைப் பாருங்கள். பெட்டிக் கட்டையில் முன் ஆணிக்கும் பின் ஆணிக்கும் இடையே சுமார் 11 செ.மீ. முன் ஆணி 1½ டிகிரி வளைந்திருந்து, புள்ளியை 6 மணியிலிருந்து 7 மணி வரை திருப்பினால், சக்கரம் முக்கால் டிகிரி பட்டைப் பக்கம் திரும்பும். 4 அடியில் அது ஏறக்குறைய 3½ அங்குல விலகல். வேண்டிய அளவு கைக்கு வந்துவிட்டது, திருப்பவும் தாராளமாக இடம் இருந்தது.

3 டிகிரி வளைத்திருந்தால், புள்ளியை 6 மணியிலிருந்து 6½ மணிக்குத் திருப்பியதுமே அதே விலகல் வந்துவிடும். பிளையர் துளி வழுக்கினால் அளவு எங்கோ போய்விடும். சின்ன வளைவு, பெரிய திருப்பம் என்று வைத்துக்கொள்வது கைக்கு நல்லது.

ஒரு சக்கரத்தைத் தூக்கி வெக்கறது ஏமாத்து இல்லையா?

விதி தடுக்காத இடத்தில் இல்லை. உருட்ட வேண்டிய சக்கரம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது, ஒரு சக்கரத்தின் உராய்வு மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு. நான்கு கால் மேசை சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று சக்கரக் காரும் அப்படித்தான், எந்தச் சக்கரம் எவ்வளவு எடை தாங்குகிறது என்பது ஓடும்போது மாறாது. 1/16 அங்குலம் தூக்கினால் போதும்.

கூடவே, ஓட்டும் முன்சக்கரம் இருக்கும் பக்கத்தில் கட்டையை முன்னால் மட்டும் 1/16 அங்குலம் போல இழைத்துவிடுங்கள். முன்சக்கரம் பட்டையைத் தொடும்போது அதே பக்கத்துப் பின்சக்கரம் பட்டையை விட்டுத் தள்ளி நிற்கும்.

துளையையே சாய்வா போட்டுட்டா ஆணியை வளைக்க வேண்டாமே?

பின்னால் அப்படிச் செய்யலாம். நேரான ஆணி, 3 டிகிரி சாய்ந்த துளை. டிரில் பிரஸ்ஸும் சாய்வு பிடிக்கும் ஜிக்கும் இருந்தால் இரண்டு பக்கமும் அச்சு மாதிரி ஒத்து வரும், பார்க்கவே அழகு. கையால் டிரில் பிடித்துப் போட்டால் ஒத்து வராது, அதைவிட வளைப்பதே மேல். போட்ட துளையைத் திருத்த முடியாது என்பது இதில் உள்ள குறை. வளைத்த ஆணியைத் திருப்பிக்கொண்டே இருக்கலாம். முன்னால் எப்படியும் வளைத்த ஆணி வேண்டும், திசை திருத்துவது அதை வைத்துத்தான்.

பலகையில நல்லா ஓடுது. டிராக்ல சரிவு முடிஞ்சு சமதளம் வர்ற இடத்துல வாலை ஆட்டுது. ஏன்?

முதலில் எடையைப் பாருங்கள். காரை ஸ்கேலின் விளிம்பில் வைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். பின் ஆக்சிலுக்கு முக்கால் முதல் ஓர் அங்குலம் முன்னால் இருந்தால் சரி. அதற்கும் பின்னால் போய்விட்டால் முன்சக்கரத்தில் அழுத்தமே இருக்காது, எவ்வளவு திருப்பினாலும் பட்டையைப் பிடிக்காது. கொஞ்சம் எடையை முன்னால் நகர்த்துங்கள்.

எடை சரியாக இருந்தும் ஆடினால் விலகலை அரை அங்குலம் கூட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் பின்சக்கரம் ஒன்று தலையை விட்டு விலகுகிறது. முன்னால் சொன்ன முன்னும் பின்னும் உருட்டும் சோதனைக்குத் திரும்புங்கள்.

எங்க பேக்ல வளைக்கவே கூடாதாம். அப்ப நாங்க என்ன பண்றது?

நிறையச் செய்யலாம். சரியாக 5 அவுன்ஸ் எடை, நன்றாகப் பாலிஷ் செய்த ஆணி, தாராளமான கிராஃபைட் தூள் இவை மூன்றும் வளைவைவிடப் பெரிய விஷயங்கள். இவை இல்லாமல் வளைத்த காரை, இவை இருக்கும் வளைக்காத கார் முந்திவிடும்.

பெட்டியில் வரும் எந்த ஆணியும் முழு நேர் கிடையாது, தொழிற்சாலையிலிருந்தே துளி வளைவு இருக்கும். அதை விதிக்கு உட்பட்டே திருப்பிப் பார்க்கலாம். நான்கு ஆணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பலகையில் கார் நேராகப் போகும் நிலையைக் கண்டுபிடியுங்கள். பட்டையில் முட்டுவது வெகுவாகக் குறையும்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. இதெல்லாம் அவளால முடியுமா, நான்தான் பண்ணணுமா?

வைஸும் சுத்தியலும் உங்கள் கையில் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. மற்றதில் பெரும்பகுதி அவள் வேலை. கோடு போடுவது, புள்ளி வைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, கார்டைச் செருகிச் சந்தைப் பார்ப்பது. பலகைச் சோதனையை முழுக்க அவளிடமே விடுங்கள். அளவை ஒரு தாளில் அவளே எழுதட்டும், அடுத்து ஆணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளே சொல்லட்டும். ஒரு தடவை தப்பான பக்கம் திருப்பி, கார் மறுபக்கம் ஓடுவதைப் பார்த்தால் "தலை மூக்கைப் பார்க்க" என்பது அவளுக்கு மறக்காது. இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

அளவுக்கு மேல வளைச்சுட்டேன். நிமிர்த்தலாமா?

ஒரு முறை நிமிர்த்தலாம். அதற்கு மேல் போனால் ஒரே இடத்தில் மடியாமல் தண்டு முழுக்க வில்லாகிவிடும், சக்கரம் உட்காரும் பகுதியும் கெட்டுவிடும். இரண்டு ஆணி கூடுதலாக வாங்கி, பாலிஷ் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஆணி தனியாகவே கிடைக்கும். பேக் விதி எந்த ஆணியைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள்.

எல்லாம் சரியா வந்துருச்சு. போட்டிக்குள்ள ஆணி திரும்பிடாம இருக்க என்ன பண்ணணும்?

ஓடும்போது ஆணி நிமிர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், 142 கிராம் கார் அதை ஒன்றும் செய்யாது. துளைக்குள் தளர்ந்து திரும்புவதுதான் ஆபத்து. கடைசி அளவு எடுத்ததும், காரின் அடியில் ஆணியின் கூர்முனை இருக்கும் பக்கம் மரப்பசை ஒரு துளி வையுங்கள். சக்கரப் பக்கம் வைக்கவே வேண்டாம், பசை ஊறி வந்தால் சக்கரம் ஒட்டிக்கொள்ளும். ஒரு இரவு காயட்டும். காய்ந்த பிறகு பலகையில் மறுபடி ஓட்டி, அதே அளவு வருகிறதா என்று பாருங்கள்.

பல பேக்குகளில் எடை பார்த்துக் காரை வாங்கி வைத்துவிட்டால் பிறகு தொட விடமாட்டார்கள். கிராஃபைட்டைக் கொடுப்பதற்கு முன்பே போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிவிட்டுத் தூளைப் படிய வையுங்கள். காரை எடுத்துப் போகும்போது சக்கரத்தின்மேல் நிற்க விடாதீர்கள். கட்டையின் அடிப்பாகம் தாங்கும்படி பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, சக்கரங்கள் எதையும் தொடாமல் கொண்டுபோங்கள். பிள்ளைகள் காரைத் தூக்கும்போது சக்கரத்தைப் பிடிக்காமல் நடுக்கட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.